தென்ரி: மதத்தின் பெயரைச் சூடிக்கொண்ட ஜப்பானிய நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோத்தோ, நாரா, ஒசாகா என்று சுற்றும் பயணிகள் பெரும்பாலும் இறங்காமல் கடந்துபோகும் ஊர் தென்ரி. ஜப்பானின் புதிய மதங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் மட்டும் இந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும். அப்படிப் படிக்கும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தென்ரி எங்கே இருக்கிறது?

நாரா மாகாணத்தில், நாரா நகரத்துக்குத் தெற்கே. நாராவிலிருந்து ஜேஆர் ரயிலில் ஏறினால் கால் மணி நேரம். கியோத்தோவிலிருந்து கின்தெட்சு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மக்கள்தொகை 60,000க்குக் கொஞ்சம் மேல். கிழக்கே மலை, மேற்கே சமவெளி, நடுவில் ஊர்.

உண்மையிலேயே மதத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்களா?

ஆமாம். 1954 ஏப்ரல் 1 அன்று தம்பாய்ச்சி, நிகைதோ, அசாவா, ஃபுகுசுமி, யனாகிமோதோ, இச்சினோமோதோ என்ற ஆறு ஊர்களை இணைத்துப் புதிய நகரம் உருவானது. அதற்குத் தென்ரிக்யோ மதத்தின் பெயரே சூட்டப்பட்டது. ஜப்பானில் ஒரு மத அமைப்பின் பெயரைத் தாங்கிய நகரம் இது ஒன்றுதான்.

ஆனால் 1954இல் யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பெயர் அல்ல அது. பக்தர்களை ஏற்றிவர ஹொரியூஜி கோயில் பக்கத்திலிருந்து ஒரு சிறிய ரயில் பாதை 1915இலேயே போடப்பட்டது. அதன் கடைசி நிலையத்தின் பெயர் தென்ரி. நகரம் பிறப்பதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே டிக்கெட்டில் அந்தப் பெயர் அச்சாகிவிட்டது.

தென்ரிக்யோ எந்த வகையான மதம்? ஷிண்டோவா, பௌத்தமா?

இரண்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நாகாயாமா மிக்கி என்ற விவசாயக் குடும்பத்துப் பெண்மணி தொடங்கிய மதம். உலகைப் படைத்த கடவுளை 'தென்ரி ஓ நோ மிக்கோதோ' என்று அழைக்கிறார்கள். பேச்சில் அவர் பெற்றோர், மனிதர்கள் பிள்ளைகள். பிள்ளைகள் மகிழ்ச்சியாக வாழ்வதைப் பார்த்துத் தானும் மகிழவே கடவுள் மனிதரைப் படைத்தார் என்பது அடிப்படை நம்பிக்கை.

உடல் நம்முடையது அல்ல, கடவுளிடம் இரவல் வாங்கியது. மனம் மட்டுமே நம் சொந்தம். மனத்தில் படியும் கஞ்சத்தனம், பேராசை, வெறுப்பு, கோபம், ஆணவம் போன்றவற்றை எட்டு வகைத் தூசுகள் என்கிறார்கள். பாவம் என்று சொல்வதில்லை, பெருக்கித் தள்ளக்கூடிய தூசு என்கிறார்கள். நரகம், நிரந்தரத் தண்டனை என்ற பேச்சும் இல்லை. இறப்பவர் பழைய உடையைக் கழற்றுவதுபோல் உடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பிறப்பார்.

நாகாயாமா மிக்கி யார்?

இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

1798இல் இன்றைய தென்ரி எல்லைக்குள் இருக்கும் சன்மைதென் கிராமத்தில் பிறந்தார். ஜப்பானியக் கணக்கில் (பிறந்ததுமே ஒரு வயது) 13 வயதில், பக்கத்து ஷோயாஷிகி கிராமத்து நாகாயாமா ஸென்பே என்பவருக்கு மணம் முடித்தார்கள். கணவர் வீடு நிலபுலன் உள்ள வீடு. குழந்தைகள், வயல், மாமனார் மாமியார் என்று மிக்கியின் வாழ்க்கை ஓடியது.

மகன் ஷூஜிக்குத் தீராத கால் வலி வந்தது. மலைகளில் தவம் செய்யும் யமபுஷி ஒருவரை வரவழைத்துப் பரிகாரம் செய்துவந்தார்கள். 1838 அக்டோபரில், அன்று ஜப்பானில் புழங்கிய சந்திர நாட்காட்டிப்படி, ஒரு சடங்கின்போது வழக்கமாகச் சாமி இறங்கும் பெண் வரவில்லை. அவர் இடத்தில் மிக்கியை உட்கார வைத்தார்கள். அவர் வாயிலிருந்து வந்த குரல், தான் உலகையெல்லாம் காக்க இறங்கிய மூலக் கடவுள் என்றும், மிக்கியைத் தனக்கு இருப்பிடமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. குடும்பம் மறுத்துப் பார்த்தது. மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, 26ஆம் தேதி கணவர் சம்மதித்தார். தென்ரிக்யோ பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

சாமி இறங்கிய பெண்கள் அந்தக் கால ஜப்பானில் ஏராளம். மிக்கியை வேறுபடுத்தியது அடுத்து அவர் செய்தவை. வீட்டில் இருந்ததையெல்லாம் ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்தார். வீட்டையே பிரிக்கச் சொன்னார். உறவினர்கள் ஒதுங்கினார்கள், ஊர் பைத்தியம் என்றது. 1853இல் கணவர் இறந்தபோது குடும்பம் கடும் வறுமையில் இருந்தது.

பிறகு கர்ப்பிணிகள் தேடி வரத் தொடங்கினார்கள். பிரசவத்தைச் சுற்றி எத்தனையோ தீட்டும் விலக்கும் இருந்த காலம் அது. மிக்கி அவற்றைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, சுகப்பிரசவத்துக்கு அருள் வழங்கினார். இந்தப் பெயர்தான் முதலில் பரவியது. இன்றும் கர்ப்பிணிகளான பக்தர்கள் தென்ரிக்கு வந்து அதே அருளைப் பெற்றுப் போகிறார்கள். 1864இல் மனைவியின் பிரசவத்துக்குப் பிந்தைய நோய்க்காக வந்த இபுரி இசோ என்ற தச்சர், நன்றிக் கடனாக முதல் வழிபாட்டுக் கூடத்தைக் கட்டித் தந்தார். மிக்கிக்குப் பிறகு கடவுள் வாக்குகளைச் சொல்லும் பொறுப்பும் அந்தத் தச்சருக்கே வந்தது.

மிக்கி தானே எழுதியதும் உண்டு. 1869 முதல் 1882 வரை எழுதிய 1,711 பாடல்கள் 'ஓஃபுதேசாகி' என்ற பெயரில் மூல வேதமாக இருக்கின்றன.

'ஜிபா' என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

தென்ரியின் மொத்த அமைப்பும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. கடவுள் மனித குலத்தை முதன்முதலில் உருவாக்கிய இடம் எது என்று இவர்களிடம் கேட்டால், தெருப் பெயரோடு பதில் சொல்வார்கள்: மிக்கியின் வீட்டு முற்றம்.

1875இல் மிக்கி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஓரிடத்தில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றன. மற்றவர்களையும் கண்ணைக் கட்டி நடக்கச் சொன்னார். அவர்களும் அங்கேயே நின்றார்கள் என்பது மரபு. அந்த இடம்தான் ஜிபா. அதன்மேல் 'கன்ரோதாய்' என்ற அறுகோணத் தூண் நிற்கிறது. மொத்தம் 13 அடுக்கு, உயரம் சுமார் இரண்டரை மீட்டர். மனித மனங்கள் தூய்மையாகும் நாளில் வானத்திலிருந்து இனிய பனித்துளி இந்தத் தூணின்மேல் இறங்கும், அதைப் பெறுபவர்கள் 115 வயதுவரை நோயின்றி வாழ்வார்கள் என்று நம்புகிறார்கள்.

புனித இடம் நகராது. ஆகவே கோயில் நகராது, தலைமையகம் நகராது, பக்தர்கள்தான் வர வேண்டும். மனித குலம் பிறந்த வீடு இது என்பதால் இங்கே வருவதை யாத்திரை என்று சொல்வதில்லை. ஊர் திரும்புதல் என்கிறார்கள். முதல்முறை வருபவரையும் 'வாங்க, வீட்டுக்கு வந்தீங்களா' என்ற தொனியில்தான் வரவேற்கிறார்கள்.

கோயில் கூரையில் திறப்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. கன்ரோதாய்க்கு நேர் மேலே கூரை திறந்திருக்கும். பனித்துளி இறங்க வழி வேண்டுமே! மழை பெய்தால் மழையும், பனி விழுந்தால் பனியும் உள்ளே விழும்.

அந்தத் தூணை நடுவில் வைத்து நான்கு திசையிலும் நான்கு வழிபாட்டுக் கூடங்கள். எங்கே உட்கார்ந்தாலும் பார்வை நடுவை நோக்கியே இருக்கும். எதிர்க் கூடத்தில் வணங்குபவர்களின் முகமும் தெரியும். வடக்குக் கூடம் 1913இலும், தெற்குக் கூடம் 1934இலும் முடிந்தன. கிழக்கும் மேற்கும் 1980களில்தான் வந்தன. முழுக்க மரமும் தாத்தாமி பாயும். இரவும் பகலும் கதவு திறந்தே இருக்கும்.

கூடங்களைச் சுற்றி நீண்ட மர நடைபாதைகள் ஓடுகின்றன. பக்தர்கள் முழங்காலிட்டு, பாடிக்கொண்டே, துணியால் அவற்றைத் துடைப்பதை எந்த நாளும் பார்க்கலாம். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை அல்ல இது. உடலை இரவல் தந்ததற்கு நன்றியாகச் செய்யும் இந்தச் சேவையை 'ஹினோகிஷின்' என்கிறார்கள்.

இறந்துபோன நிறுவனருக்கு இன்றும் சாப்பாடு வைக்கிறார்களா?

அவர் இறந்ததாகவே இவர்கள் கருதுவதில்லை. 1887இல், ஜப்பானியக் கணக்கில் 90 வயதில், உடலை விட்டார். ஆனால் உயிரோடு இங்கேயேதான் இருக்கிறார் என்பது நம்பிக்கை. வடக்கே அவருக்கென்று ஒரு தனி மாளிகை இருக்கிறது. மூன்று வேளையும் உணவு வைக்கிறார்கள், குளிக்க வெந்நீர் போடுகிறார்கள், உடை எடுத்து வைக்கிறார்கள். 1874 முதல் அவர் சிவப்பு உடைதான் உடுத்தினார், இன்றும் சிவப்புதான். அந்த உடைகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, வந்துபோகும் பக்தர்களுக்குக் காப்பாகத் தருகிறார்கள்.

போலீஸ் அவரை ஏன் கைது செய்தது?

மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானிய அரசு பேரரசரின் வம்சத்தையும் ஷிண்டோ புராணத்தையும் வைத்து ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. உலகம் சேற்றுக் கடலாக இருந்ததாம், அதில் மீனையும் பாம்பையும் சேர்த்துக் கடவுள் மனிதரை உருவாக்கினாராம் என்று ஒரு கிராமத்துக் கிழவி சொல்வது அந்தக் கதையோடு ஒத்துவரவில்லை. அனுமதியில்லாத மதக் கூட்டம், மருந்தில்லாமல் நோய் தீர்ப்பதாகப் பேச்சு என்ற குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொண்டன. 1875க்குப் பிறகு பத்துப் பதினைந்து முறைக்கு மேல் அவரைப் பிடித்துப் போனார்கள். 1881இல் கல்லில் கட்டத் தொடங்கிய கன்ரோதாய் இரண்டு அடுக்கு எழும்பியிருந்தபோது, 1882இல் போலீஸ் வந்து கற்களைப் பறிமுதல் செய்தது. கடைசிக் கைது 1886ஆம் ஆண்டுக் கடுங்குளிரில். இச்சினோமோதோ காவல் நிலையத்தில் 12 நாள் வைத்திருந்தார்கள், 89 வயதில்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வளைந்து கொடுத்தார்கள். அரசு அங்கீகாரம் பெற ஷிண்டோ சட்டை போட்டுக்கொண்டு, 1908இல் தனி ஷிண்டோ பிரிவாகப் பதிவானார்கள். போர்க் காலத்தில் சொந்த வேதத்தையே திரும்பப் பெற்றார்கள். 1934 முதல், ஜப்பான் ஆக்கிரமித்திருந்த வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் ஒரு குடியேற்றக் கிராமமும் நடத்தினார்கள், அதற்கும் தென்ரி என்றே பெயர். 1945க்குப் பிறகு, நிறுவனரின் கொள்ளுப்பேரனும் இரண்டாம் தலைவருமான நாகாயாமா ஷோஸென் பழைய போதனைகளை மீட்டெடுத்தார். மதம் தன் வரலாற்றைச் சொல்லும்போது கைதுகளுக்குக் கிடைக்கும் இடம் மஞ்சூரியாவுக்குக் கிடைப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

தெருவில் எல்லாரும் ஒரே கறுப்பு அங்கி போட்டிருப்பது ஏன்?

அது 'ஹாப்பி' என்ற மேலங்கி. முதுகில் வெள்ளை எழுத்தில் தென்ரிக்யோ என்றும், கழுத்துப் பட்டையில் அவரவர் சபையின் பெயரும் இருக்கும். முதலாளியும் தொழிலாளியும் அதைப் போட்டால் ஒன்றுதான். ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குக் கூரை வேய்ந்த கடைத்தெரு போகிறது. அங்கே இந்த அங்கியும், வழிபாட்டுக்கான இசைக் கருவிகளும் விற்கும் கடைகளைப் பார்க்கலாம், நடுநடுவே ஊறுகாய்க் கடை, இனிப்புக் கடை.

ஊர் முழுக்க நிற்கும் அந்தப் பெரிய கட்டடங்கள் என்ன?

இரண்டு வகை. ஒன்று சபைகளின் சத்திரங்கள். நாடெங்கும் உள்ள பெரிய சபைகள் ஒவ்வொன்றும் தம் ஆட்கள் வந்தால் தங்க இங்கே ஒரு விடுதி வைத்திருக்கின்றன. பிறருக்கு நோய் தீரப் பிரார்த்தனை செய்யும் அருளைப் பெற, ஒருவர் இங்கே வந்து ஒரே உரையை ஒன்பது முறை கேட்க வேண்டும், வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை. மூன்று மாதப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. இத்தனை பேர் வந்து தங்குவதற்கு ஹோட்டல் கட்டி மாளுமா?

இரண்டாவது, 'ஓயாசாதோ யகாதா'. கோயிலைச் சுற்றி ஒரு பக்கம் சுமார் 870 மீட்டர் வருகிற சதுரமாக, 68 பகுதிகளுடன் ஒரு தொடர் கட்டடம் எழுப்பும் திட்டம். ஊரின் நடுவே ஒரு கோட்டை மதில்போலத் தெரியும். எட்டு மாடி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஜப்பானிய ஓட்டுக் கூரை. முதல் பகுதிகள் 1955இல் முடிந்தன. எழுபது ஆண்டாகியும் பாதிகூட முடியவில்லை. கட்டியவற்றில் பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, அருங்காட்சியகம் எல்லாம் இயங்குகின்றன. அழகா என்று கேட்டால், தூரத்திலிருந்து கம்பீரம், பக்கத்தில் போனால் வெறும் கான்கிரீட்.

அப்படியானால் நகராட்சியை மதம்தான் நடத்துகிறதா?

இல்லை. மேயரும் நகர்மன்றமும் தேர்தலில் வருகிறார்கள். அரசையும் மதத்தையும் ஜப்பானின் அரசியல் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. ஊரில் எல்லாரும் தென்ரிக்யோ பக்தர்களும் அல்ல. ஷிண்டோ ஆலயமும் பௌத்தக் கோயிலும் வழக்கம்போல் இருக்கின்றன.

சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். ஊரின் மிகப் பெரிய நில உரிமையாளர்களில் ஒன்று மதம். பெரிய வேலை தருநரும் அதுவே. வழிபாட்டு நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. அதே மதம் நகராட்சிக்கு நன்கொடை தந்து வந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் பகைத்துக்கொண்டு இரண்டு பேராலும் காலம் தள்ள முடியாது.

நம்பிக்கையால் நோய் தீர்ப்பவர்கள் ஏன் மருத்துவமனை நடத்துகிறார்கள்?

நல்ல கேள்வி. மருத்துவமும் கடவுள் தந்ததே என்பது அவர்கள் பதில். 1966இல் திறந்த தென்ரி மருத்துவமனை, நாரா மாகாணத்தின் முக்கியமான பொது மருத்துவமனைகளில் ஒன்று. இளம் மருத்துவர்களுக்கு இங்கே தரும் பயிற்சிக்கு நாடு முழுக்க நல்ல பெயர். அறுவை சிகிச்சை, ஸ்கேன் எல்லாம் வழக்கம்போல். கூடவே, விரும்பும் நோயாளிகளின் படுக்கையருகே வந்து பிரார்த்திக்க ஒரு தனிப் பிரிவு.

மதத்தில் ஆர்வம் இல்லாதவருக்கு இங்கே என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் முதலில் நூலகம். மறைப்பணிக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு மொழி கற்பிக்க 1925இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் தென்ரி பல்கலைக்கழகம் ஆனது. அதன் மத்திய நூலகத்தில் ஏறக்குறைய 20 லட்சம் நூல்கள். 'நிஹோன் ஷோகி' வரலாற்று நூலின் பழைய பிரதி உட்பட, தேசியப் பொக்கிஷம் என்று அரசு அறிவித்த ஏடுகள் இங்கே இருக்கின்றன. ஷோஸென் புத்தகப் பித்தர். எங்கே அரிய ஏடு விலைக்கு வந்தாலும் விடமாட்டார். பக்கத்திலேயே சன்கோகான் அருங்காட்சியகம். மறைப்பணியாளர்கள் போன நாடுகளின் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்காகச் சேர்த்த பொருட்களே அதன் தொடக்கம். அடுப்பு, கூடை, முகமூடி, கடைப் பலகை என்று அன்றாடச் சாமான்களைப் பார்க்கவே நாலு மணி நேரம் வேண்டும்.

அப்புறம் ஜூடோ. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியரை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்தித் தங்கம் வென்ற நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் பயிற்சி பெற்றது தென்ரியில்தான். நாட்டையே அழ வைத்தவருக்கு வித்தை சொல்லிக் கொடுத்த ஊர்! பின்னால் கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள்: தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற நோமுரா தாதாஹிரோவும், இரண்டு வென்ற ஓனோ ஷோஹேவும் தென்ரி பல்கலைக்கழக மாணவர்கள். தென்ரி உயர்நிலைப் பள்ளி, கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியப் பள்ளிகள் கோடைகாலப் பேஸ்பால் போட்டியை 1986இலும் 1990இலும் வென்றது.

மதம் வருவதற்கு முன் இந்த இடம் என்னவாக இருந்தது?

ஜப்பானின் மிகப் பழைய வரலாற்றுப் பகுதிகளில் ஒன்று. யமனோபே என்ற பழம்பெரும் பாதை இந்த ஊர் வழியாகப் போகிறது. இசோனோகாமி ஆலயத்தில், கொரியாவின் பெக்ஜே அரசிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஏழு கிளை வாள் இருக்கிறது. பொதுவாகப் பார்வைக்கு வைப்பதில்லை, வளாகத்தில் சுற்றும் சேவல்களைத்தான் பார்க்கலாம். குரோஸுகா என்ற பழங்காலச் சமாதி மேட்டில் 1997-98இல் தோண்டியபோது 33 முக்கோண விளிம்பு வெண்கலக் கண்ணாடிகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பழங்கால ஜப்பானின் யமதாய் அரசு எங்கே இருந்தது என்ற பழைய சண்டையை அது மறுபடி கிளப்பிவிட்டது.

ஜப்பானில் இதுபோல வேறு ஊர்கள் உண்டா?

சில உண்டு. ஒகாயாமா மாகாணத்தில் கொன்கோ மதத்தின் ஊர் கொன்கோ. 2006இல் அது பக்கத்து ஊர்களோடு இணைந்து அசாகுச்சி நகரம் ஆனது. ஓமோதோ மதத்துக்குக் கியோத்தோ மாகாணத்தில் அயாபே, கமேயோகா என இரண்டு மையங்கள். 1935 டிசம்பரில் தொடங்கிய ஒடுக்குமுறையில் அவற்றை அரசு வெடிவைத்துத் தகர்த்தது. ஒசாகா பக்கத்து தொந்தபாயாஷியில் பிஎல் என்ற இன்னொரு புதிய மதத்தின் 180 மீட்டர் வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. ஆனால் நகரமே மதத்தின் பெயரில் என்பது தென்ரி மட்டும்.

மதம் இன்னும் வளர்கிறதா?

இல்லை, சுருங்குகிறது. ஜப்பானில் சுமார் 12 லட்சம் பக்தர்கள் என்று சொல்லப்படும் எண், பழைய காலத்தோடு பார்த்தால் மிகக் குறைவு. சபைகள் குடும்ப வழியாகவே கைமாறுகின்றன. பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டால், ஊரில் சபையை நடத்த ஆள் இல்லை. தென்ரி கடைத்தெருவில் இறக்கிவிட்ட ஷட்டர்களும், ஆள் குறைந்த சத்திரங்களும் இதைத்தான் காட்டுகின்றன. காணிக்கைச் சுமை பற்றிய புகார்களும் பழையவை. மெய்ஜி காலப் பத்திரிகைகளே கேலி செய்தன. எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட நிறுவனரை முன்மாதிரியாக வைக்கும் மதத்தில், எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற கேள்விக்கு யாராலும் கோடு கிழிக்க முடிவதில்லை.

வெளியாள் கோயிலுக்குள் போகலாமா? எப்போது போவது நல்லது?

தாராளமாக. கட்டணம் இல்லை, மதம் கேட்பதில்லை. காலணியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காரலாம். இவர்கள் வணங்கும்போது நான்கு முறை கை தட்டுவார்கள். நீங்கள் தட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உள்ளே படம் மட்டும் எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் 26ஆம் தேதி பெரிய வழிபாடு. கன்ரோதாயைச் சுற்றி ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களும் முகமூடி அணிந்து படைப்பைச் சைகைகளால் நிகழ்த்துவார்கள். ஜனவரி, அக்டோபர் 26 இன்னும் பெரியவை. ஏப்ரல் 18 மிக்கியின் பிறந்த நாள். ஜூலைக் கடைசியில் சிறுவர் விழா. ஊரே பிள்ளைகள் கையில் போய்விடும். கூட்டம் வேண்டாம் என்றால் சாதாரண நாளில் விடியற்காலை வழிபாட்டுக்குப் போங்கள்.

சாப்பாட்டுக்கு, பூண்டும் சீன முட்டைக்கோஸும் காரமும் தூக்கலாகப் போட்ட தென்ரி ராமென் என்ற நூடுல்ஸ் சூப் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பில் இறைச்சி இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் போனால் சீமைப் பனிச்சைப்பழம் (பெர்சிமன்) வாங்குங்கள். 'தோனே வாசே' என்ற சீக்கிரம் பழுக்கும் ரகம் இந்த ஊரில் தோன்றியதுதான்.